ஈரத்தில் தெரிந்த கோணல்

தேன்கனிக்கோட்டையில் பஞ்சர் கடைக்காரர் என் காரின் பின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டபோது, நான் புளியமர நிழலில் நின்று ஒரு நோயாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, இங்க கொஞ்சம் வாங்க" என்று அவர் கூப்பிட்டார். குரலில் அவசரம் எதுவும் இல்லை. அதனால் பேசி முடித்துவிட்டுத்தான் போனேன்.

டயரின் வெளிப்பக்கம் புதிதுபோல இருந்தது. ரோட்டைப் பிடிக்கும் பட்டன்கள் ஆழமாக, ஓரங்கள் கூர்மையாக, நடுவில் சின்னச் சின்ன ரப்பர் முடிகூட நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் புரட்டினார். உட்பக்க ஓரம் முழுக்க ஒரு பட்டை மொட்டையாகியிருந்தது. மொட்டையும் தாண்டி, ரப்பருக்குள் இருக்கும் கம்பி வெள்ளையாக வெளியே வந்திருந்தது.

"பட்டன் சுத்தமா போயிடுச்சும்மா. இதோட எங்கிருந்து வர்றீங்க?"

"அஞ்செட்டியிலிருந்து, மலைப்பாதையில."

அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல நேரம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டெப்னியை எடுக்கப் போனார்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஓசூரில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஆட்கள்: பிரஸ் மெஷினில் கையைக் கொடுத்தவர்கள், ஒரே இடத்தில் நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள். புதன்கிழமைகளில் தேன்கனிக்கோட்டை சர்ச் ஹாலில் உட்காருவேன். அங்கே வர முடியாதவர்களை, அஞ்செட்டிப் பக்கம் வரைக்கும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும் என்பதால்தான் கார் வாங்கினேன். என் முதல் கார். வாங்கி ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டியிருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபமல்ல, வியப்பு. ஒரே டயரில் ஒரு பக்கம் பிறந்த குழந்தை, இன்னொரு பக்கம் கிழம். என் வேலையில் யாராவது முழங்கால் வலி என்று வந்தால், முதலில் அவர் வாசலில் விட்டு வந்த செருப்பைத்தான் போய்த் திருப்பிப் பார்ப்பேன். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே அவர் நடை தெரிந்துவிடும். இத்தனை வருஷம் செருப்பைப் பார்த்த எனக்கு, என் காருக்கும் ஒரு நடை உண்டு என்று தோன்றியதே இல்லை.

மறுநாள் ஓசூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே என் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் பேரிகை என்ற ஊர்ப் பக்கத்து இளைஞர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், போனில் கன்னடம் என்று மாறி மாறிப் பேசுவார். மரியாதையானவர். டயரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மேடம், டயர் நம்ம வாரண்டியில வராது. அது டயர் கம்பெனி தனி. அவங்களும் ரப்பர்ல குத்தம் இருந்தாத்தான் குடுப்பாங்க. இது டயர் குத்தமில்ல, அலைன்மென்ட் அவுட். சக்கரம் நேரா நிக்கல."

"சரி, அலைன்மென்ட் அவுட்டானா அது வாரண்டியில வருமா?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். "பள்ளத்துல எங்கயாவது எறக்கியிருப்பீங்க மேடம். அஞ்செட்டி ரோட்ல போறேன்னு நீங்களே சொல்றீங்க."

அந்த ரோட்டில் பள்ளம் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். அஞ்செட்டி மாடுகள் என்னை ஓவர்டேக் பண்ணும் என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் மெதுவாக ஓட்டினேன் என்பதை எதை வைத்து நிரூபிப்பது?

அலைன்மென்ட் மெஷினை அன்றுதான் முதல்முறை பக்கத்திலிருந்து பார்த்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பலகைகளை மாட்டினார்கள். எதிரே கம்பத்தில் இருந்த கேமராக்கள் அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் மேலிருந்து பார்த்ததுபோல என் கார் தெரிந்தது, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஓர் எண். வேலை செய்தவர் பேனட்டின்மேல் கையூன்றினார், எண் அசைந்தது. கையை எடுத்தார், எண் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்தக் கனமான இரும்பு வண்டி ஒரு மனிதன் சாய்ந்ததைக்கூட உணர்ந்து திரையில் சொன்னது. நான் வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். "என்ன மேடம்?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

முன் சக்கரங்களின் எண்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. பின்னால் இடது சக்கரம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

"அது ஏன் சிவப்பா இருக்கு?"

"இந்த மாடல்ல பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது மேடம். ரெண்டு சக்கரத்தையும் சேத்து ஒரே பீம். அது கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் பேரிகைக்காரர்.

அவர் தினமும் பார்க்கிறவர். நான் நம்பினேன். இடது பின் சக்கரத்துக்குப் புது டயர் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்தியதும் குனிந்து, சக்கரத்தின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. கிளினிக் வாசலில் நோயாளிகள் பார்த்துச் சிரிப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் விரலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புது டயரின் உட்பக்கத்தை ஒரு திசையில் தடவினால் வழவழவென்று இருந்தது. எதிர்த்திசையில் தடவினால் அரம்போலச் சொரசொரத்தது. சக்கரம் உருளுவதோடு நிற்காமல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வருகிறது என்று விரல் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மலைப்பாதை நெடுக என் டயரைத் துளித்துளியாகத் துருவிப் போட்டுக்கொண்டிருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். பசுமைக் குடிலும் பூவும்தான் அவர் உலகம். வண்டி விஷயத்தில் பெட்ரோல் போடுவதோடு சரி. "திரும்பப் போய்ச் சொல்லு" என்றார்.

ஆனால் கண்டுபிடித்தது அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பைக்கை சர்வீஸுக்கு விட வேண்டியிருந்தது. நான் காரில் முன்னால் போவது, அவர் பைக்கில் பின்னால் வருவது, பைக்கை விட்டுவிட்டு ஒன்றாகத் திரும்புவது என்று ஏற்பாடு. சிப்காட் ரோட்டில் விடுமுறையானதால் லாரிகள் இல்லை. நீளமான, வெறிச்சோடிய ரோடு. பைக் ஷெட் வாசலில் அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நீ வண்டிய எப்படி ஓட்டுற?"

"ஏங்க? எப்பவும் போலத்தான்."

"வண்டி நேராத்தான் போவுது. ஆனா வண்டி நேரா இல்ல."

"என்ன பேசறீங்க நீங்க?"

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். "நம்ம தெருவுல நாயி ஓடும் பாரு, தலை ஒரு வரிசையில, இடுப்பு ஒரு வரிசையில? அது மாதிரி ஓடுது. வலது பக்கம் முன் சக்கரம் வெளிய எட்டிப் பாக்குது. இடது பக்கம் முன் சக்கரமே தெரியல. மொதல்ல என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன். தள்ளித் தள்ளி வந்து பாத்தேன். அப்படித்தான் இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு வருஷமா நான்தான ஓட்டறேன். கோணலா போனா எனக்குத் தெரியாதா?"

"உள்ள உக்காந்திருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

திரும்பி வரும்போது கண்ணாடி வழியே ரோடு நேராகத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே மறுபடி சர்வீஸ் சென்டர். என் முறைக்காகக் காத்திருந்தபோது, வாட்டர் வாஷ் முடிந்த கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து வெளுத்த சிமெண்ட் தரை. ஈரச் சக்கரங்கள் அதன்மேல் கறுப்பாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தன. ஒரு காருக்கு இரண்டு கோடுகள். முன் சக்கரம் போட்ட கோட்டின்மேலேயே பின் சக்கரம் ஏறி வந்து, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டே கோடு. அடுத்த காருக்கும் இரண்டு கோடு. அதற்கடுத்ததற்கும்.

நான் எழுந்துபோய் பேரிகைக்காரரிடம் கேட்டேன். "என் வண்டிய ஒரு தடவை கழுவி, நேரா மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்றீங்களா?"

"வாஷ் கடைசியிலதான் மேடம் பண்ணுவோம்."

"இன்னைக்கு மட்டும் முதல்ல பண்ணுங்க. நான் தரையைப் பாக்கணும்."

என்ன நினைத்தாரோ, சரி என்றார். வண்டி சொட்டச் சொட்ட வெளியே வந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை அசைக்காமல் முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நாங்கள் இருவரும் அது விட்டுப்போன தடத்தருகே போனோம்.

முதலில் அங்கும் இரண்டு கோடுகள்தான் தெரிந்தன, கொஞ்சம் தடிமனாக. குனிந்து பார்த்ததும் புரிந்தது. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நின்றன. பின் சக்கரங்களின் தடம் முன் சக்கரத் தடத்தைவிட்டு இடப்பக்கம் விலகியிருந்தது. இரண்டு விரல் அகலம் இருக்கும். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அந்த விலகல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பேரிகைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ" என்றார் மெல்ல. பிறகு தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார். வெயிலில் கோடுகள் காயத் தொடங்கியதும் பதறிப்போய் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் படம் எடுக்கவில்லை. அது காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் நான் போன ரோடெல்லாம், சூளகிரி ஹைவேயிலும் அஞ்செட்டி வளைவுகளிலும், இப்படித்தான் நாலு கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். தண்ணீர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

"இது நான் முடிவு பண்ற விஷயமில்ல மேடம். கம்பெனிக்கு அனுப்புறேன்" என்றார் அவர். அனுப்பவும் செய்தார்.

சில நாட்களில் பெங்களூரிலிருந்து கார் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது, நரைத்த மீசை, கன்னடம் கலந்த தமிழ். முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. என்னையே ஓட்டச் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்தார். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார்.

"நோடி, பாருங்க மேடம், ஸ்டியரிங்ல கம்பெனி முத்திரை நேரா இருக்கா?"

பார்த்தேன். முத்திரை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தினமும் கண்ணெதிரே இருப்பது. அது சாய்ந்திருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"வண்டி வலது பக்கம் போகப் பாக்குது. நீங்க இடது பக்கம் பிடிச்சிருக்கீங்க. ஒரு வருஷமா பிடிச்சிருக்கீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அதிசயத்தைச் சொல்லுகிற குரல்.

பிறகு லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். ரிம்மில் அடி இல்லை. பீமில் நசுங்கலோ கீறலோ இல்லை. போல்ட்களின்மேல் தொழிற்சாலையில் பூசிய மஞ்சள் கோடு உடையாமல் இருந்தது, யாரும் கழற்றியதில்லை. பள்ளத்தில் அடித்திருந்தால் எங்காவது தழும்பு இருக்க வேண்டும் என்றார். இடது சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் தகட்டின்மேல் ஒரு கருவியை வைத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"பீம்ல இந்தத் தகடு வெல்டிங் ஆகும்போதே கொஞ்சம் திரும்பியிருக்கு மேடம். ரோடும் காரணமில்ல, நீங்களும் காரணமில்ல. வண்டி பிறக்கும்போதே இப்படி."

"எவ்வளவு திரும்பியிருக்கு?"

"ஒரு டிகிரி. அதுக்குக் கொஞ்சம் கம்மி."

என் கிளினிக்கில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கோணமானி இருக்கிறது. ஒரே முழங்காலை நானே காலையிலும் மாலையிலும் அளந்தால் நாலைந்து டிகிரி மாறும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு டிகிரி என்பது எங்களுக்கு ஒன்றுமே இல்லை. இங்கே அந்த ஒன்றுமில்லாதது இரண்டு டயரைத் தின்று கம்பியை வெளியே கொண்டுவந்திருந்தது.

"பீம் வாரண்டியில மாத்திடலாம், அதுல சந்தேகமில்ல. டயர் ரூல்படி வராது. ஆனா டயரைத் தின்னது நம்ம பீம். அதனால நான் எழுதிக் கேக்கறேன்" என்றார். கேட்டார். சிறப்பு அனுமதி என்று பின்னால் இரண்டு டயர்களும் புதிதாக வந்தன. முதலில் தேய்ந்த டயருக்கு எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

பீம் மாற்றும் நாளில் கிளினிக்கை மூடிவிட்டு நேரில் போனேன். பழையதைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே புதியது, பெட்டியிலிருந்து எடுத்து வைத்தபடி. நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உடம்பில் எலும்பு ஒரு பக்கம் கூடியிருந்தால் என் கை கண்டுபிடித்துவிடும். இங்கே என் கை எதையும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் பழைய புழுதி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பேரிகைக்காரரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

திரையில் நாலு எண்களும் பச்சையாயின. ஈரத் தரையில் இரண்டே கோடு விழுந்தது. கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ரோட்டோரத்து மண்ணில் சக்கரம் இறங்குகிற அளவுக்கு. பைக்கில் வந்த ஒருவர் திட்டிக்கொண்டே போனார். சரிசெய்து ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடி இடப்பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன்.

"இப்ப அந்தப் பக்கம் கோணலாயிடுச்சு" என்றேன்.

"இருக்காது மேடம். இன்ஜினியர் சார் இன்னைக்கு இங்கதான் இருக்காரு. வாங்க."

இன்ஜினியர் இம்முறையும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹைவேயில் சூளகிரிப் பக்கம் போகச் சொன்னார். ரோடு காலியாக, அகலமாக இருந்த இடத்தில் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.

"பாருங்க சார், பாருங்க!"

அவர் பதற்றப்படவில்லை. "மேடம், கையை எடுங்க."

"என்னது?"

"முழுசா வேண்டாம். லேசா. ஸ்டியரிங்ல தொட்டும் தொடாம வெச்சுக்குங்க. நான் இருக்கேன்."

பயந்துகொண்டே விரல்களைத் தளர்த்தினேன். வண்டி இடப்பக்கம் ஒதுங்குவது நின்றது. வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், அதை விடவும் மாட்டேன் தொடவும் மாட்டேன் என்பதுபோல, நேராகப் போனது. என் உள்ளங்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் காற்று இருந்தது. முத்திரை நேராக நின்றது.

"இப்ப பழையபடி பிடிங்க" என்றார்.

பிடித்தேன். வண்டி இடப்பக்கம் போனது.

இழுத்தது வண்டி இல்லை, என் வலது கை. ஒரு வருஷமாக அது எனக்குச் சொல்லாமல், என்னைக் கேட்காமல், ஒவ்வொரு நொடியும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டியின் கோணலுக்குச் சரியாக எவ்வளவு தேவையோ அவ்வளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கேமராக்கள் வைத்த மெஷின் திரையில் அளந்து சொன்னதை, என் தோளிலிருந்து விரல்வரை உள்ள தசைகள் முன்பே அளந்து வைத்திருந்தன. கோணல் போன பிறகும் அது தன் வேலையை விடவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகும் நொண்டுகிற ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். "கால் சரியாயிடுச்சு, நம்பி ஊனுங்க" என்று அவர்களிடம் சொல்கிறவள் நான். ஆனால் சொல்லுவது வேறு, சொந்த உடம்பு நமக்குத் தெரியாமல் இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்ப்பது வேறு.

வலது தோள் சில மாதங்களாகவே வலித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பதால் என்று நானே முடிவு கட்டி, நானே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை பழகி, வலி அடங்க அப்புறமும் சில வாரங்கள் ஆயின.

ஆனால் அன்றைக்கு ரோட்டில் எனக்கு வலியைப் பற்றிய நினைப்பெல்லாம் இல்லை. மறுபடி விரல்களைத் தளர்த்தினேன். நேராகப் போனது. பிடித்தேன், ஒதுங்கியது. தளர்த்தினேன். தொலைவில் சூளகிரிப் பாறை மலைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, பெரிதாகி, பக்கவாட்டில் நகர்ந்தன. தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நான் எதையும் செய்யாமலேயே வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், எல்லா காரும் இப்படித்தான் போகுமா?"

"போகணும் மேடம்" என்று சிரித்தார். "அடுத்த யூ டர்ன்ல திரும்பிடுங்க. இல்லாட்டி கிருஷ்ணகிரி வந்துடும்."

சரி என்று தலையாட்டினேன். யூ டர்ன் வந்தது. நான் திருப்பவில்லை. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.